பிளக் புரி போனால் ஹெட் போய்விடவில்லை

பைக்கின் ஸ்பார்க் பிளக்கை இறுக்கும்போது ஸ்பானர் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டு போனால், அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் பிடித்துவிடும் என்று தோன்றும். பிடிக்காது. மிச்சமிருக்கும் அலுமினியத்தையும் சீவிச் சிலிண்டருக்குள் தள்ளுவதுதான் நடக்கும்.

பிளக் திருகி ஏறும் சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அலுமினியம். பிளக்கின் உடம்பு இரும்பு. இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். பிளக்கை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். அதன் புரிகளுக்கு (திருகு வரிகளுக்கு) நடுவே வெள்ளிக் கம்பி போல ஏதாவது சுற்றிக்கொண்டு வந்தால், அதுதான் ஹெட்டிலிருந்து பிய்ந்த புரி. கொழும்புக் கராஜ்களில் இதைச் சிங்களத்தில் "பொட்ட கியா" என்பார்கள். பொட்ட என்றால் புரி. தமிழ் பேசும் மெக்கானிக்மாரும் பெரும்பாலும் அந்தச் சொல்லையே சொல்வதால், நீங்களும் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எனக்கு இது நடந்தது வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில். 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் வண்டி வைத்திருந்த எல்லோரும் கையில் இருந்த பழைய வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம். என்னுடையது ஒரு பழைய 125 சிசி. சர்வீசுக்கு விட்ட ஓரிடத்தில் சூடான எஞ்சினிலேயே பிளக்கைக் கழற்றி, நீளப் பிடி போட்ட ஸ்பானரால் திரும்ப இறுக்கினார்கள். நான் பக்கத்தில் நின்றும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அப்போது தெரியாது. ஒரு கிழமை கழித்து, மழைநேரத்தில் ஆமர் வீதிச் சந்தியில் "டப்" என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது. குனிந்து பார்த்தால் பிளக் அதன் தொப்பியோடு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனை வரை தள்ளிக்கொண்டு வந்தேன். முதலில் காட்டியவர் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்றார். இரண்டாவதாகக் காட்டியது எங்கள் தெருவில் ஐம்பது வயது தாண்டிய ஒரு மெக்கானிக் ஐயாவிடம். அவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பொட்டதான் போயிருக்கு. ஹெட் போகல்ல." அன்று அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததும், அதற்குப் பிறகு நானே நண்பர்களின் வண்டிகளுக்குச் செய்ததும்தான் இங்கே எழுதுவது. முதல்முறை செய்பவருக்காக எழுதுகிறேன். ஆகவே எங்கே கை வழுக்குமோ அங்கேயெல்லாம் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஏன் போகிறது

பெரும்பாலும் பிளக்கைக் கோணலாக ஏற்றுவதால்தான் போகிறது. முதல் புரி சரியாகப் பிடிக்கும் முன்பே ஸ்பானரைப் போட்டால், கோணலாக ஏறிய பிளக்கையும் ஸ்பானர் பலத்தில் உள்ளே ஓட்டிவிடலாம். கைவிரலால் அது முடியாது. விரல் உடனே தடையை உணரும். அதனால்தான் முதல் மூன்று நான்கு சுற்று விரலால் மட்டும் என்கிறோம்.

அடுத்தது சூடு. சூடான அலுமினியம் மிருதுவாக இருக்கும், பிளக்கோடு ஒட்டிப் பிய்ந்து வரும். தவிர, அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும் உலோகம். சூட்டில் இறுக்கிய பிளக்கை ஆறும்போது ஹெட் இன்னும் நெரித்துப் பிடிக்கும். அடுத்த தடவை கழற்றும்போது புரியோடு வரும்.

அளவுக்கு மீறி இறுக்குவது மூன்றாவது. இன்றைய சிறிய பைக்குகளில், ஸ்கூட்டர்களில் நிறைய 10 மி.மீ. பிளக்தான். அதற்குத் தேவை 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் மட்டுமே. வீல் நட்டை இறுக்குகிற கையோடு அதை இறுக்கினால் தாங்காது.

கொழும்புக்கே உரிய ஒன்றும் உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரையோரம் இரவுபகல் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பிளக்கின் இரும்பை அரிக்கும். மழைக்காலத்தில் வீதிச் சேறும் மணலும் பிளக் குழிக்குள் போய்க் குந்திக்கொள்ளும். அந்த மணலோடு பிளக்கைத் திருகினால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரித்தான். பிளக்கைத் தொடும் முன் குழியைக் காற்றடித்துத் துப்புரவாக்குவது ஒரு நிமிட வேலை. அதைத் தவறவிடாதீர்கள்.

எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்

எஞ்சின் முழுக்க ஆறட்டும். கைவைத்தால் சூடே தெரியக்கூடாது. பிறகு குழியை ஊதிச் சுத்தம் செய்து, பிளக்கைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தொலைபேசியில் செருகுகிற சின்னக் கெமரா கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலே ஒன்றிரண்டு புரி மட்டும் மடிந்திருந்து, கீழே உள்ளவை கூராகத் தெரிந்தால் அதிர்ஷ்டம்தான். புதிய புரி போடத் தேவையில்லை, மடிந்ததை நிமிர்த்தினால் போதும். அதற்கென்று புரி சீராக்கும் கருவி விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் அதே அளவுப் பழைய பிளக் ஒன்றை எடுத்து, கீழ் மின்முனையை வெட்டி எறிந்துவிட்டு, புரிக்குக் குறுக்காக, மேலிருந்து கீழாக மூன்று நான்கு வெட்டு ஹாக்சோவால் போடுங்கள். பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். அந்த வெட்டுகளில் கிரீஸை அப்பி, விரலால் மெதுவாக ஏற்றினால் அது மடிந்த புரியை நிமிர்த்திக்கொண்டே போகும், அழுக்கையும் வெட்டுக்குள் வாங்கிக்கொள்ளும். தடை வந்தால் பின்னுக்குத் திருப்பிக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடுங்கள்.

பாதிக்கு மேல் புரி வழுவழுவென்று இருந்தால் இந்த வழி உதவாது. புதிய புரி போடத்தான் வேண்டும்.

துளையிலிருந்து வால்வு இருக்கும் பக்கமாக முடி போல ஒரு கோடு ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். வெடிப்பாக இருந்தால் அந்த ஹெட்டில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அந்த மொடலுக்கு நல்ல ஹெட் ஒன்று தேடுவதே சரி.

அளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்

பழைய பிளக்கின் மேல் இருக்கும் குறியீடே பாதி வேலையைச் சொல்லிவிடும். என்ஜிகே (NGK) கம்பனியின் பிளக்குகளில் முதல் எழுத்துப் புரியின் விட்டம். பி (B) என்றால் 14 மி.மீ., டி (D) என்றால் 12, சி (C) என்றால் 10. எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்துப் புரியின் நீளம். எச் (H) என்றால் 12.7 மி.மீ., ஈ (E) என்றால் 19. ஆகவே டி8ஈஏ என்று இருந்தால் 12 மி.மீ. விட்டம், 19 மி.மீ. நீளம். சி7எச்எஸ்ஏ என்றால் 10 மி.மீ. விட்டம், 12.7 நீளம். நடுவில் இருக்கும் எண் சூட்டு அளவு. புரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விட்டம் தெரிந்தால் போதாது. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளியும் வேண்டும். பிளக்கில் 14க்கும் 12க்கும் அது 1.25 மி.மீ., 10க்கு 1 மி.மீ. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில் "10 மில்லி டாப்" (டாப் என்பது புரி வெட்டும் கருவி) என்று கேட்டால் 1.5 இடைவெளி உள்ள சாதாரண போல்ட் டாப்பைத் தருவார்கள். "நுண்புரி" என்று கேட்டால் 1.25 வரும். இரண்டும் பிளக்குக்குப் பொருந்தாது. "பத்துக்கு ஒன்று, பிளக் புரி" என்று சொல்லுங்கள். வாங்கும்போது பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய், புதிய புரியாகப் போடப்போகும் கம்பிச் சுருளின், அதாவது கொயிலின், சுற்றுகளை அதன் புரியோடு பொருத்திப் பாருங்கள். இடைவெளி தப்பாக இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

எதை வாங்குவது

ஹெலிக்கொயில் என்று ஒரு முறை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாக்கி வைத்திருப்பார்கள். கம்பியின் வெட்டுமுகம் வைர வடிவில் இருக்கும். அதன் வெளிப்பக்கம் ஹெட்டில் வெட்டிய புதிய புரியில் குந்தும், உட்பக்கம் பிளக்குக்குப் புரியாகும். கிட் ஒன்றில் கொயில்கள், அதற்கென்றே உள்ள பெரிய டாப், கொயிலை ஏற்றும் பிடி, அளவைப் பொறுத்து ட்ரில்லும் இருக்கும். இந்த டாப் பிளக்கின் புரியைவிட விட்டத்தில் பெரியது, இடைவெளி மட்டும் ஒன்றுதான். ஆகவே சாதாரண டாப்பால் ஹெலிக்கொயிலுக்குப் புரி வெட்ட முடியாது. 14 மி.மீ. கிட்களில் சிலவற்றில் டாப்பின் நுனியே துளையையும் பெருப்பித்துக்கொண்டு போகும்படி இருக்கும். ட்ரில் தேவைப்படாது. 10 மி.மீ.க்குப் பெரும்பாலும் 10ஐக் கொஞ்சம் தாண்டிய ட்ரில் ஒன்று கூட வரும். கிட்டில் சொன்ன ட்ரில்லைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று புஷ். கம்பிச் சுருளுக்குப் பதில் முழு உலோகக் குழாய், வெளியேயும் புரி, உள்ளேயும் புரி. டைம்-செர்ட் என்ற பெயரில் ரெடியாக வருவது ஒரு வகை. நம் ஊரில் லேத்தில் கடைந்து போடுவது மற்றது. சரியாகச் செய்தால் புஷ்தான் உறுதி. பிளக்கை எத்தனை தடவை கழற்றினாலும் அசையாது. ஆனால் துளையை ஹெலிக்கொயிலைவிடப் பெரிதாக்க வேண்டும். 10 மி.மீ. பிளக் உள்ள ஹெட்டில் துளைக்கும் வால்வுக்கும் நடுவே உலோகம் குறைவு. அதனால் என் முடிவு இது: முதல் தடவை போன புரிக்கு ஹெலிக்கொயில், அதுவும் கைகொடுக்காவிட்டால் லேத்தில் புஷ். புஷ்ஷை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

மற்றச் சாமான்கள் எல்லாம் சாதாரணமானவை. பிளக் ஸ்பானர் (10க்கு 16 மி.மீ., 12க்கு 18, 14க்கு 21), டாப் ஹேண்டில், கட்டியான கிரீஸ், மண்ணெண்ணெய், நீள மூக்குக் குறடு, வெர்னியர் அளவுகோல், பழந்துணி, புதிய பிளக் ஒன்று. பழைய பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றவா, வண்டியிலேயே செய்யவா

கழற்றுங்கள். இதுதான் என் பதில். கழற்றினால் இரண்டு கவலை ஒரேயடியாகப் போய்விடும்: சீவல் சிலிண்டருக்குள் விழாது, டாப் நேராக இறங்குகிறதா என்று எல்லாப் பக்கமும் பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் யோசிக்கவே தேவையில்லை. அதில் ஹெட் என்பது நாலு நட்டுக் கழற்றினால் கையோடு வரும் ஒரு மூடி. அதை விட்டுவிட்டு வண்டியிலேயே செய்தால் சீவல் சிலிண்டர் சுவரில் உள்ள வழிகளுக்குள் விழுந்து கிரேங்க் (பிஸ்டன் சுழற்றும் அடித்தண்டு) வரை போய்விடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கழற்றுவது பெரிய வேலைதான். டைமிங் செயின், அதன் டென்ஷனர், குறிகளைப் பொருத்துவது, புதிய ஹெட் கேஸ்கட், நட்டுகளைக் குறுக்குமறுக்காகச் சொன்ன அளவுக்கு இறுக்குவது என்று எல்லாம் இருக்கிறது. முன்பு செய்து பழகாதவர் ஹெட்டை மட்டும் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கழற்றுவித்து, புரி வேலையை லேத் பாஸிடம் (கடைசல் வேலை செய்பவரிடம்) கொடுப்பது நல்லது. "ஹெட் எகே பிளக் பொட்ட கிஹில்லா, ஹெலிக்கொயில் எகக் தான்ன ஓன" (ஹெட்டில் பிளக் புரி போய்விட்டது, ஹெலிக்கொயில் ஒன்று போட வேண்டும்) என்றால் போதும், விளங்கிக்கொள்வார்கள். ட்ரில் பிரஸ்ஸில் வைத்துத் துளைத்தால் கோணல் பற்றிய பயமே இல்லை.

அப்படியும் வண்டியிலேயே செய்ய வேண்டி வந்தால், பிஸ்டனை எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். டாப் துளையைத் தாண்டி உள்ளே நீளும். பிஸ்டன் மேலே நின்றால் அதன் தலையில் முட்டும். வால்வு திறந்திருந்தால் அதில் முட்டும். ஆகவே இரண்டு வால்வும் மூடியிருந்து, பிஸ்டனும் பாதி கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஓரிடம் இருக்கிறது.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டொப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கினால் பிஸ்டன் அமுக்கிக்கொண்டு மேலே வருகிறது. இப்போது விரலை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரோவை உள்ளே விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். துளை சாய்வாக இருந்து ஸ்ட்ரோ சரியாகக் காட்டாவிட்டால் இடது பக்க மூடியின் சின்னத் துளை வழியாக மெக்னட்டில் (கிரேங்கோடு சுற்றும் காந்தச் சக்கரத்தில்) உள்ள "டி" (T) குறியைப் பாருங்கள், பிஸ்டன் உச்சியில் நிற்பதை அது காட்டும். அதிலிருந்து இன்னும் முன்னோக்கி, கிரேங்க் கால் சுற்றுப் போகும் அளவுக்குச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அந்த இடத்தில் பிஸ்டன் ஏறத்தாழ நடுவில் இருக்கும், வெளியேற்றும் வால்வு இன்னும் திறந்திருக்காது. கியரை அப்படியே விட்டு, பின் பிரேக்கைக் கட்டிவிடுங்கள்.

புரி வெட்டுவது

கிட்டில் ட்ரில் இருந்தால் முதலில் அது. கழற்றிய ஹெட்டை வைஸில் பிடிப்பதென்றால் நடுவில் மரத்துண்டு வையுங்கள், கேஸ்கட் முகத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. ட்ரில் குறைந்த வேகத்தில், பழைய துளையின் வழியே.

டாப் இறங்கும் முதல் இரண்டு சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஐயா அந்த இரண்டு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் மீதி முழுவதையும் வெட்டி முடித்துவிட்டார். டாப்பை வைத்து, மேலிருந்து லேசாக அமுக்கி, அரைச் சுற்று. நிறுத்துங்கள். பிளக்கின் வாஷர் குந்தும் முகத்தில் ஒரு சின்ன மூலைமட்டத்தை வைத்து, டாப் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு பக்கம் பாருங்கள். பிறகு அதற்குச் செங்கோணமான பக்கம். சாய்ந்திருந்தால் கழற்றித் திரும்ப வையுங்கள். இரண்டு சுற்று நேராக ஏறிவிட்டால் பிறகு டாப் தானே வழியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அமுக்கவும் தேவையில்லை. கோணலாக வெட்டினால் பிளக்கின் வாஷர் ஒரு பக்கம்தான் அமரும். அந்த இடைவெளியால் நெருப்பு வெளியே வரும், ஹெட்டையே அரித்துவிடும்.

அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அப்படித் திருப்பும்போது சீவல் ஒடியும், "கிரிக்" என்று கைக்குத் தெரியும். கழற்றிய ஹெட் என்றால் மண்ணெண்ணெய் தாராளமாக விடுங்கள். அலுமினியத்துக்கு அதைவிட நல்ல வெட்டெண்ணெய் வேண்டியதில்லை. வண்டியிலேயே செய்தால் மண்ணெண்ணெய் வேண்டாம். டாப்பின் பள்ளங்களில் கட்டிக் கிரீஸை நிரப்புங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை முழுவதும் கழற்றி, கிரீஸோடு ஒட்டிய சீவலைத் துணியில் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் துடைத்த துணியில் மினுங்கும் ஒவ்வொரு துகளும் சிலிண்டர் சுவரைக் கீறாமல் தப்பிய துகள். சிலர் காந்தத்தை விட்டுச் சீவலை எடுக்கப் பார்ப்பார்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது.

கொயிலை ஏற்றுவது

புதிய புரியைப் பிரேக் கிளீனரால் கழுவிக் காற்றடித்துக் காயவிடுங்கள். வண்டியிலேயே செய்தவர் காற்றடிக்க வேண்டாம், துணியால் துடையுங்கள்.

கொயிலின் நீளம் சரியா என்று இப்போது பாருங்கள். வாஷர் குந்தும் முகத்திலிருந்து துளை அறைக்குள் திறக்கும் இடம் வரை வெர்னியரால் அளந்து, அதைவிட ஒரு மி.மீ. அளவு குறைவாக அமரும் கொயிலை எடுங்கள். நீளம் கூடினால் கம்பி நுனி நெருப்பறைக்குள் நீட்டி, சிவந்து பழுத்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைக் கொளுத்தும். ரொம்பக் குறைந்தால் மூடாத புரிகளில் கரி படிந்து, அடுத்த தடவை பிளக் சிக்கும்.

ஏற்றும் பிடியின் நுனியில் கொயிலின் கொக்கி மாட்டும்படி வைத்து, மெதுவாக வலப்பக்கம் திருகுங்கள். கீழே அமுக்காதீர்கள். அமுக்கினால் கம்பி ஒரு புரியைத் தாண்டிக் குந்தும், பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு. சரியாகப் போகும்போது கைக்குப் பாரமே தெரியாது. கொயிலின் மேல் நுனி, வாஷர் முகத்துக்குக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை கீழே போனதும் நிறுத்துங்கள். மேலே துருத்தி நின்றால் வாஷர் அமராது.

கடைசியாகக் கொக்கியை ஒடிக்க வேண்டும். பொதுவாக ஹெலிக்கொயில் போடுபவர்கள் அதைத் தட்டி ஒடிப்பார்கள். பிளக் துளையில் தட்டினால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். நீள மூக்குக் குறட்டால் பிடித்து மேலும் கீழும் மெதுவாக வளையுங்கள், கையோடு வந்துவிடும். குறட்டு நுனியிலும் கொஞ்சம் கிரீஸ். வெளியே எடுத்த கொக்கியைக் கண்ணால் பார்த்து ஒரு மூடியில் போட்டு வையுங்கள். கையில் கொக்கி இல்லாவிட்டால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் எஞ்சினைத் தொடவே கூடாது. கொக்கி இல்லாத கொயில்களும் வருகின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வண்டியிலேயே செய்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வக்யூம் கிளீனரின் வாயில் டேப்பால் ஒட்டி, பிளக் துளைக்குள் விட்டு, பிஸ்டன் தலை முழுவதும் உறிஞ்சுங்கள். ஒரு குச்சி நுனியில் கிரீஸ் வைத்து ஒற்றியும் எடுங்கள். துகள் வராமல் போகும்வரை செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக் இல்லாமல், இக்னிஷனை அணைத்துவிட்டு, துளைக்கு மேல் துணி பிடித்து நாலைந்து கிக். வேலை முடிந்து சில நாள் ஓடியதும் எஞ்சின் ஒயிலை மாற்றிவிடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

அவசரத்துக்கு என்று சொல்லி நூல் டேப் சுற்றுவார்கள், பிசின் அப்புவார்கள், செப்புக் கம்பி சுற்றிப் பிளக்கை இறுக்குவார்கள். பிளக்கின் சூடு இறங்குவது அந்தப் புரி வழியாகவும் வாஷர் வழியாகவும்தான். பொறிக்கான மின்சாரம் எஞ்சின் உடம்புக்குத் திரும்புவதும் அதே வழியில்தான். நடுவில் டேப்பையும் பிசினையும் வைத்தால் இரண்டும் தடைப்படும். அதோடு அந்தப் பிளக் ஓடுகிற வண்டியில் பறந்துவிடும். என் பிளக் பறந்தபோது தொப்பி பிடித்துக்கொண்டது, இல்லாவிட்டால் முழங்காலில் பட்டிருக்கும்.

இன்னொரு பழக்கம், போன 10 மி.மீ. துளையை 12 ஆக்கி, 12 மி.மீ. பிளக் போட்டுவிடுவது. வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் 16 மி.மீ. ஸ்பானருக்கென்று வார்த்த குழியில் 18 மி.மீ. ஸ்பானர் நுழையாத வண்டிகள் உண்டு. வாஷர் குந்த வேண்டிய முகமும் ஒடுங்கிவிடும். எல்லாவற்றையும்விட, அந்தப் புரியும் ஒருநாள் போனால் திரும்பச் சரிசெய்ய அங்கே உலோகம் மிஞ்சியிருக்காது. இதைச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே யாரோ கோணலாக வெட்டி, துளை முட்டை வடிவாகிவிட்ட ஹெட் என்றால் ஆர்கன் வெல்டிங்கில் துளையை முழுதாக நிரப்பி, லேத்தில் புதிதாகத் துளைத்துப் புரி போடலாம். வெல்டிங் சூட்டில் ஹெட்டின் முகம் கோணும், வால்வு சீட் தளரும், அவற்றையும் சரிபார்க்க வேண்டி வரும். அரிய பழைய வண்டி என்றால் பெறுமதியான செலவு. சாதாரண வண்டிக்கு வேறு ஹெட் தேடுவது லாபம்.

பிளக்கைப் போடுவது

புதிய பிளக், காய்ந்த புரி. புரியில் கிரீஸோ ஒயிலோ பூச வேண்டாம். என்ஜிகே பிளக்கின் புரியில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. அதற்கு மேல் வழுக்கலாக எதையும் பூசினால் அதே விசைக்குப் பிளக் அளவு மீறி இறுகிவிடும்.

விரல் எட்டாத குழியாக இருந்தால் ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் மேல் நுனியில் செருகி அதைத் திருகுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சுற்றும், புரி பிழைக்கும். ஏற்றும் முன் இடப்பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். புரியின் வாய் சந்திக்கும் இடத்தில் பிளக் "டொக்" என்று சற்று இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம். வாஷர் தொடும்வரை விரலால் போக வேண்டும்.

இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பானர் இருந்தால் 10 மி.மீ.க்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12க்கு 15 முதல் 20, 14க்கு 25 முதல் 30. இல்லாவிட்டால், வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று. அது வாஷர் நசுங்குவதற்காக. ஒரு தடவை போட்டுக் கழற்றிய பிளக்கைத் திரும்பப் போடும்போது அரைச் சுற்றுக் கூடாது. வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் தூரம் போதும்.

சவர்க்காரத் தண்ணீரைப் பிளக் அடியில் விட்டுக் கிக் அடியுங்கள். குமிழி வந்தால் வாஷர் சரியாக அமரவில்லை, கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, "சிஸ்" என்ற சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு பக்கத்துத் தெருக்களில் ஒரு சுற்று. முழுக்க ஆறியபின் பிளக் தளர்ந்திருக்கிறதா என்று விரலாலும் லேசாக ஸ்பானராலும் தொட்டுப் பார்த்தால் போதும், கூடுதலாக இறுக்க வேண்டாம்.

ஹெலிக்கொயில் போட்ட ஹெட்டில் ஒரு பலவீனம் உண்டு. கரி பிடித்த பிளக்கைச் சூட்டோடு வேகமாகக் கழற்றினால் கொயிலும் சேர்ந்து வரக்கூடும். ஆகவே ஆறிய எஞ்சினில், கால் சுற்றுத் திருப்பி, இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள். அடுத்த சர்வீசில் பிளக்கைத் தொடப்போவது நீங்களாக இல்லாமல் இருக்கலாம். என் வண்டியில் சீட்டைத் தூக்கினால் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறேன்: "பிளக் ஹெலிக்கொயில், 12 × 1.25, ஆறவிட்டுக் கழற்றவும்." அதற்குக் கீழே அதையே சிங்களத்திலும் எழுதுவித்திருக்கிறேன்.